கரைக்க மட்டும் சேர்த்த ஈயம்

ஜனவரி 3

இந்த டைரி பால் கூட்டுறவுச் சங்கத்தில் கொடுத்தது. என் வீட்டுக்காரர் சோலைராஜ் அங்கே குளிரூட்டும் நிலையத்தில் சூப்பர்வைசர். வருஷா வருஷம் ஒன்று வரும். அத்தை அதில் கீரைக்காரம்மா வராத நாட்களைக் குறித்துவைத்துக்கொண்டு, வந்ததும் சண்டை போடுவார். இந்த வருஷம் நான் முந்திக்கொண்டேன். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் மாடு வளர்ப்போருக்கு ஒரு யோசனை அச்சடித்திருக்கிறார்கள். இன்றைய யோசனை: கறவை மாட்டை அதட்டாதீர்கள், பால் குறையும். இந்தப் பக்கத்தைக் கிழித்து தனுஷ்கோடி சார் மேஜையில் வைக்கலாமா என்று யோசித்தேன்.

சார் என் பிஎச்.டி. வழிகாட்டி. இன்று கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே ஏதோ கெட்ட செய்தி. என் பதிவுக்கு நீட்டிப்பு இந்த வருஷத்தோடு முடிகிறது, இனிக் கேட்க முடியாதாம். "பொடி வந்திருச்சு, சரி. பொடிய வச்சு என்னம்மா பண்றது? படிகம் வேணும் ஈஸ்வரி. கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஒரே ஒரு படிகம். அது இல்லாம இது புதுசுன்னா யாரு நம்புவா?"

பேரியம், மாங்கனீசு, நையோபியம் மூன்றும் சேர்ந்த ஆக்சைடு. இதுவரை யாரும் செய்யாதது. கறுப்புப் பொடியாகப் புட்டியில் கிடக்கிறது. எக்ஸ்ரேயில் வைத்தால் தெரிந்த எந்தப் பொருளோடும் ஒத்துப்போகாத கோடுகள் வருகின்றன. உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று பார்க்கப் படிகம்தான் வேண்டும். ஐந்து வருஷத்தில் ஒன்றுகூட வரவில்லை.

ஜனவரி 8

ஈய ஆக்சைடு வந்துவிட்டது. இனி அதில்தான் வளர்த்துப் பார்க்கப்போகிறேன்.

சாப்பிடும்போது என் வீட்டுக்காரர், "அதென்ன ஈயம்? உன் லிஸ்ட்டுல ஈயமே இல்லையே" என்றார். என் ஆராய்ச்சியை இவ்வளவு ஞாபகம் வைத்திருக்கும் மனிதர் துறையில்கூடக் கிடையாது.

"கற்கண்டு எப்படிப் போடுறாங்க? சர்க்கரையத் தண்ணியில கரைச்சு, மெதுவா ஆறவிட்டா கட்டி கட்டியா வளருதுல்ல. அதே மாதிரிதாங்க. இந்த ஆக்சைடு தண்ணியில கரையாது. உருகின ஈயத்துல கரையும். மெதுவா ஆறவிட்டா படிகம் வளரும். அப்பறம் ஈயத்த ஆசிட் ஊத்திக் கழுவிரலாம்."

"அப்ப ஈயம் கரைக்க மட்டும்தான்."

"கரைக்க மட்டும்தான்."

"நல்லா வந்தாச் சரி" என்று சொல்லி என் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார்.

ஜனவரி 19

பொங்கல் விடுமுறை முடிந்து முதல் அரைப்பு. ஈய ஆக்சைடு நல்ல மஞ்சள். அரைக்க அரைக்கப் புகை மாதிரி எழும்புகிறது. சுடிதார் துப்பட்டா, கைக்கடிகாரம், நகக்கண் எங்கும் மஞ்சள். உலைக்கு மேலே இருக்கும் புகை இழுக்கும் விசிறி போன தீபாவளியிலிருந்து ஓடவில்லை. எலக்ட்ரீசியனுக்கு எழுதிப்போட்டிருப்பதாகச் சார் சொல்கிறார். எந்தத் தீபாவளிக்கு வருவாரோ.

ஜூனியர் ரெஜினா மூக்கைப் பொத்திக்கொண்டு, "சார், லெட்டு ஒடம்புக்கு ஆகாதுல்ல?" என்று கேட்டாள். சார் சிரித்தார். "எங்கப்பா அச்சகத்துல ஈய எழுத்துக் கோத்தவரு. ஆயுசு பூரா ஈயத்தத்தான் தொட்டாரு. தெனமும் ரெண்டு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால். எம்பது வயசு தாண்டித்தான் போனாரு. பழத்தச் சாப்பிட்டுட்டு வேலயப் பாருங்கம்மா."

பாலுக்கு என் வீட்டில் பஞ்சமில்லை. மாலையில் பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழம் வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 31

உலையைத் திறந்தேன். உருக்கும் கிண்ணமான குரூசிபிளில் மஞ்சள் கண்ணாடி. படிகம் என்று சொல்ல ஒரு மணல்கூட இல்லை. சார் எட்டிப்பார்த்துவிட்டு, "நல்ல பேப்பர் வெயிட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 6

நாள் தள்ளிப்போயிருக்கிறது. எழுதவே பயமாக இருக்கிறது. எழுதினால் கலைந்துவிடுமோ என்று.

பிப்ரவரி 7

இரண்டு கோடு. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாயைப் பொத்தி அழுதேன். எட்டு வருஷம். எத்தனை ஸ்கேன், எத்தனை மாத்திரை, எத்தனை மரத்தில் தொட்டில் கட்டினோம். கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றும் எத்தனை பெண்கள். அவரிடம் காட்டினேன். அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார். பாதி வழியில் திரும்பி வந்து, "நெசமா?" என்று கேட்டார்.

பிப்ரவரி 10

டாக்டர் மெஹரிடம் போனோம். நல்ல டாக்டர், அதிகம் பேசமாட்டார். "என்ன வேல பாக்குறீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, "பிஎச்.டி. பண்றா டாக்டர். கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து பாக்குற வேலதான்" என்றார். அப்படிப் பெருமையாகச் சொன்னார். பாதி உண்மையும்தான். கணினி வேலையும் இருக்கிறது.

டாக்டர் அதையே எழுதிக்கொண்டார்.

பிப்ரவரி 13

சாரிடம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் போனேன். போனதும் அவரே ஆரம்பித்தார். "ஒங்களுக்கு முடியலைன்னா சொல்லுங்க ஈஸ்வரி, ரெஜினா இந்தப் பிரச்சினைய எடுத்துக்குவா. அவளுக்கு டைம் இருக்கு." நல்ல மனதோடுதான் சொன்னார். ஐந்து வருஷம் அரைத்தது நான். அந்தப் பொடியில் ஒவ்வொரு பருக்கையும் எனக்குத் தெரியும்.

"முடியும் சார்" என்றேன்.

வெப்பநிலையைக் கொஞ்சம் ஏற்றி, ஆறும் வேகத்தைக் குறைத்தால் வரும் என்று தோன்றுகிறது. ஒரே ஒரு தடவை. வந்தாலும் வராவிட்டாலும் அதோடு நிறுத்திவிடுவேன்.

பிப்ரவரி 27

அத்தை வீட்டுக்குள் தனி அரசாங்கம் நடத்துகிறார். பப்பாளி கூடாது, அன்னாசி கூடாது, எள்ளுருண்டை கூடாது. தெருமுனையில் பப்பாளி வண்டி நின்றால் என் தலையை அந்தப் பக்கம் திருப்பிவிடுகிறார், பார்த்தாலே ஆகாதாம். நேற்று யாரோ கொண்டுவந்த கொழுக்கட்டையில் எள் இருக்கிறதா என்று பிட்டுப் பிட்டுப் பார்த்து, கடைசியில் வெறும் மாவைத்தான் கொடுத்தார்.

"எட்டு வருசம் கழிச்சு வந்துருக்கு. ஒரு பொல்லாதது ஒன் வாய்க்குள்ள போக நான் விடமாட்டேன்" என்றார்.

துப்பட்டாவை நானே துவைத்துக்கொள்கிறேன். மற்ற துணியோடு போடுவதில்லை.

மார்ச் 5

இன்று அவர் டியூட்டியில் நடந்ததைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். ஒரு ஊரில் நாலைந்து வீட்டு மாடுகள் அடுத்தடுத்துச் சினை கலைந்து கன்று வீசிவிட்டனவாம். சங்கத்து மாட்டு டாக்டர் போய்ப் பார்த்திருக்கிறார், இவரும் கூடப் போயிருக்கிறார். தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒருவர் பழைய பேட்டரி உடைக்கிற கொட்டகை போட்டிருக்கிறார். அந்தத் தூசு புல்லில் படிந்து, புல்லை மாடு தின்று. "ஈயமாம். சினை மாட்டுக்கு அது ஆகவே ஆகாதாம். பாவம், வாயில்லாத சீவன், அதுக்கு என்ன தெரியும்" என்றார்.

நான் எழுந்து போய்த் தட்டைக் கழுவினேன். புளிக்குழம்பு இன்று சரியாக வரவில்லை.

மார்ச் 6

ரெஜினாவிடம் புது மாஸ்க் கேட்டு வாங்கினேன். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட்டுக்கொண்டேன்.

மார்ச் 15

வந்துவிட்டது.

ஆசிட்டில் மஞ்சள் எல்லாம் கரைந்து போக, பீக்கரின் அடியில் கறுப்பாக ஏதோ மினுங்கியது. நுண்ணோக்கியில் வைத்தேன். ஊசிகள். பளபளவென்று, நாலு முகமும் சீவியது போல நேராக. சாரை அழைத்து வந்தேன். அவர் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி பார்த்தார். "ஈஸ்வரி" என்றார். அவ்வளவுதான். ஐந்து வருஷத்தில் அவர் என் பெயரை இப்படிச் சொன்னது இல்லை.

வாசல் பக்கம் போய் வாந்தி எடுத்தேன். ரெஜினா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "அக்கா, மாசமா இருக்கீங்களா?" என்று கேட்டாள். யாரிடமும் சொல்லாதே என்றேன். "இனிமே அரைக்கிறத நான் பாத்துக்கறேன்க்கா, நீங்க தொடாதீங்க" என்றாள்.

எனக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. படிகம் வந்த அன்றைக்கே வந்து நிற்கிறாயா என்று கேட்டுவிட்டேன். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பஸ்ஸில் வரும்போது வெட்கமாக இருந்தது.

மார்ச் 21

படிகங்களைப் பஞ்சில் பொதிந்து சென்னையில் ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பியாயிற்று. அங்கே ஒற்றைப் படிகத்துக்கான எக்ஸ்ரே கருவி இருக்கிறது. வரிசை நீளம், மாதங்கள் ஆகும்.

மற்ற அளவீடுகளுக்கு இன்னும் நிறைய வேண்டும் என்கிறார் சார். இன்னொரு உருக்கல் போட்டால் தீர்ந்தது. இதுதான் கடைசி.

மார்ச் 29

இதயத் துடிப்புக் கேட்டோம். அடுத்த தெருவில் யாரோ தையல் மிஷின் மிதிப்பது போல டகடகவென்று. அவர் போனில் பதிவு செய்துகொண்டார். பால் வண்டிக்காரர்கள், லேப் பையன், வாட்ச்மேன் என்று குளிரூட்டும் நிலையத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் போட்டுக் காட்டியிருக்கிறார். அங்கே மெஷின் சத்தத்தில் ஒரு மண்ணும் கேட்டிருக்காது. எல்லாரும் கேட்டதாகத் தலையாட்டினார்களாம்.

"பொண்ணுதான்" என்கிறார். சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

ஏப்ரல் 5

கடைசி உருக்கல் முடிந்தது. குரூசிபிளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். ஈய ஆக்சைடுப் புட்டியைத் துடைத்து அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினேன். இனி அதைத் தொடமாட்டேன். மனசு லேசாக இருந்தது. வீட்டுக்கு வந்து அத்தை கொடுத்த மாதுளையைத் தின்றுவிட்டுத் தூங்கிவிட்டேன்.

ஏப்ரல் 17

காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு ஸ்கூட்டரில் போகும்போது கண்மாய்க் கரையில் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. பெரிய குலுக்கல் ஒன்றும் இல்லை. அவர்தான் பதறி வண்டியை நிறுத்தி, "ஒண்ணும் இல்லையே? ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

மதியத்திலிருந்து இடுப்பு வலிக்கிறது.

ஏப்ரல் 20

போய்விட்டது.

ஏப்ரல் 26

இன்றைய பக்கத்தின் யோசனை: சினைப் பசுவுக்கு அமைதியான, தூசு இல்லாத இடம் ஒதுக்குங்கள்.

பேனாவால் அடித்தேன். அச்சு தெரியத்தான் செய்கிறது.

மே 4

எல்லாரும் வந்து பார்க்கிறார்கள். ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். கண்ணேறு என்கிறார் பெரியம்மா. பஸ் பயணம் என்கிறார் எதிர்வீட்டு அக்கா. அத்தை ஒன்றும் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று என் தலைமுடியைப் பிரித்து, சிக்கெடுத்து, எண்ணெய் தேய்த்துப் பின்னிவிட்டார். பின்னி முடிக்கும் வரைக்கும் பின்னால் அவர் அழுவது எனக்குத் தெரிந்தது. நான் திரும்பவில்லை.

அவர் பக்கத்து அறையில் அந்தத் தையல் மிஷின் சத்தத்தைப் போட்டுக் கேட்கிறார். காதில் செருகிக்கொண்டுதான் கேட்கிறார். ஆனாலும் எனக்குக் கேட்கிறது.

மே 12

காலையில் அவரைக் காணோம். அத்தையிடம் கேட்டால், "மண்வெட்டியத் தூக்கிட்டுப் போனான்" என்றார். போய்ப் பார்த்தேன். கண்மாய்க் கரையில், அந்தப் பள்ளத்தில், சாந்துச் சட்டியில் சரளைக்கல் கொண்டுவந்து கொட்டி மண்வெட்டியின் பின்பக்கத்தால் இடித்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறிவிட்டது. பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"நான்தான் பாத்து ஓட்டியிருக்கணும். தெனமும் போற ரோடு. பள்ளம் இருக்குன்னு தெரியும். தெரிஞ்சும் விட்டுட்டேன் ஈஸ்வரி."

வீட்டுக்கு வாங்க என்றேன். அவர் மீதிக் கல்லையும் கொட்டி முடித்துவிட்டுத்தான் வந்தார்.

மே 27

துறைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். கண்மாய்க் கரையில் அந்த இடம் வந்ததும் வண்டியை நிறுத்தி, என்னை இறக்கி, அவரும் இறங்கித் தள்ளிக்கொண்டு வருகிறார். பள்ளம் இப்போது இல்லை, ரோட்டிலேயே சமமான இடம் அதுதான். நானும் பக்கத்தில் நடக்கிறேன். தாண்டியதும் மறுபடி ஏறிக்கொள்கிறோம்.

ரெஜினா என் மேஜையைத் துடைத்து வைத்திருந்தாள். மன்னித்துக்கொள் என்றேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்றாள்.

ஜூன் 11

அவரிடம் சொல்லாமல் டாக்டர் மெஹரிடம் போனேன். ஆய்வகத்தில் என்ன செய்கிறேன் என்று முழுதாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. ரத்தம் எடுக்கச் சொன்னார்.

ஜூன் 19

இருக்க வேண்டிய அளவைவிட ரொம்ப அதிகம். விட்டு இத்தனை நாள் ஆன பிறகே இவ்வளவு.

"ஒடம்புக்கு ஈயத்த அடையாளம் தெரியாதும்மா. கால்சியம்னு நெனச்சு உள்ள விட்டுரும். எலும்புல கொண்டுபோய் வச்சுக்கும். அம்மா எலும்புல இருந்து கொழந்தைக்குக் கால்சியம் போகும்போது அதுவும் கூடப் போகும்" என்றார் டாக்டர்.

"அதனாலதானா டாக்டர்?"

"அதனாலதான்னு என்னால சொல்ல முடியாது. அது இல்லேன்னும் சொல்ல முடியாது. நல்லாருக்கவங்களுக்கும் கலையுது." மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே, "வீட்ல சொல்லிட்டீங்களா?" என்றார்.

சொல்கிறேன் என்றேன். கால்சியம் மாத்திரை, மறுபடி சோதனை, அளவு இறங்கும் வரை அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கக் கூடாது. இறங்கும் என்றார். நாளாகும்.

வீட்டுக்கு வந்தபோது அவர் சீம்பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். எனக்குத் தெம்பு வரும் என்று சங்கத்தில் சொல்லிவைத்து வாங்கி வந்ததாம். ஏலக்காய் போட்டு, வெல்லம் போட்டு. "சாப்பிடு, ஒடம்பு தேறும்" என்றார். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டு நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்படிச் சொல்வது.

ஜூலை 10

சென்னையிலிருந்து தரவு வந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும். கணினி முன்னால் உட்கார்ந்தேன். உண்மையாகவே கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து பார்க்கிற வேலை.

கட்டமைப்பு கிடைத்துவிட்டது. அழகாக இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வேண்டும். மாங்கனீசும் நையோபியமும் ஆக்சிஜனோடு சேர்ந்து சுவர் எழுப்பியிருக்கின்றன. நாலு சுவருக்கு நடுவே நீளமாக ஒரு குழாய். அந்தக் குழாயில் பேரியம் வரிசையாக நிற்க வேண்டும். நிற்கிறது. ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. நான் சொல்லும் கட்டமைப்பும் படிகம் காட்டுவதும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதற்கு ஒரு எண் உண்டு, அது இறங்கமாட்டேன் என்கிறது. குழாய்க்குள் பேரியத்தைவிடக் கனமாக ஏதோ இருக்கிறது.

ஜூலை 12

மாங்கனீசின் இடத்தை மாற்றிப் பார்த்தேன். இரண்டு படிகம் ஒட்டி இரட்டையாக வளர்ந்திருக்குமோ என்று பார்த்தேன். எண் அசையவில்லை.

குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு முதல் நாளே தோன்றிவிட்டது. போட்டுப் பார்க்கவில்லை.

ஜூலை 16

ரெஜினாதான் பின்னால் நின்று, "அக்கா, லெட் போட்டுப் பாருங்களேன்" என்றாள்.

போட்டேன். எண் மடமடவென்று இறங்கியது. குழாயில் சில இடங்களில் பேரியம், சில இடங்களில் ஈயம். பேரியம் நடுவில் நிற்கிறது. ஈயம் நடுவில் நிற்கவில்லை, ஒரு பக்கச் சுவரோடு சாய்ந்து ஒண்டிக்கொண்டிருக்கிறது. அதன் குணம் அப்படி. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பருமன், ஒரே மின்னேற்றம். வளர்கிற படிகத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கழுவிவிட்டோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மேலே ஒட்டியிருந்ததைத்தான் கழுவியிருக்கிறோம்.

சார் வந்து பார்த்துவிட்டுக் குதிக்காத குறை. "நாம கேட்டது ஒண்ணு, சாமி குடுத்தது ஒண்ணு. இதுதாம்மா ஒங்க தீசிஸ். அதிர்ஷ்டம்னா இதுதான்." கேன்டீனிலிருந்து எல்லாருக்கும் பஜ்ஜி வரவழைத்தார். எனக்கு வாழைக்காய் பஜ்ஜி. கையில் வைத்துக்கொண்டே நின்றேன். ரெஜினா வந்து வாங்கிக்கொண்டு, "வாங்கக்கா, வெளிய போவோம்" என்றாள்.

படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அவள் என்ன என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 20

எலெக்ட்ரான் நுண்ணோக்கியிலும் ஈயம் உறுதியாகிவிட்டது. உலைக்கு மேல் விசிறியும் ஓட ஆரம்பித்துவிட்டது. ரெஜினா துறைத் தலைவர் அறை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டு நகரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

செப்டம்பர் 14

ரத்தத்தில் அளவு இறங்கியிருக்கிறது. நல்ல செய்தி. இதையும் அவரிடம் சொல்ல முடியாது. ஏறியது தெரிந்தால்தானே இறங்கியதைச் சொல்ல.

இன்று வரும்போது லேசான மழை. கண்மாய்க் கரையில் வழக்கம்போல இறங்கினோம். மழையில் எதற்கு, ஏறியே போகலாம் என்றேன். "வேணாம்" என்று தள்ளிக்கொண்டு நடந்தார். தலை முழுக்க நனைந்திருந்தது. முன்னைக்கு எவ்வளவு நரைத்துவிட்டார் என்று பின்னால் வரும்போது பார்த்தேன்.

அந்த இடத்தில் வைத்தே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் பாரம் இறங்கும், எனக்கு அவர் இருக்கமாட்டார். இப்படித்தான் கணக்குப் போட்டுக்கொண்டு நடந்தேன். என்ன மனுஷி நான்.

அக்டோபர் 30

தீசிஸ் சமர்ப்பிப்பதற்கு முன்னால் துறையில் எல்லார் முன்னிலையிலும் பேச வேண்டும். அடுத்த வாரம். பேசுகிறவர் வீட்டிலிருந்து இனிப்பும் காபியும் என்பது எங்கள் துறை வழக்கம். இனிப்பைத் தான் பார்த்துக்கொள்வதாக அவர் சொல்லிவிட்டார். சங்கத்துப் பாலிலேயே ஆள் வைத்துப் பால்கோவா கிண்டப் போகிறாராம். "நானும் வந்து கடைசி வரிசையில உக்காந்துக்கறேன். ஒண்ணும் புரியப் போறதில்ல. நீ பேசுறதப் பாக்கணும்."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை.

நவம்பர் 6

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி எழுதுவேன்.

அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். பால்கோவா டப்பாக்களை மடியில் அடுக்கி வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் ஆங்கிலத்தில் பேசினேன். நன்றாகவே பேசினேன். திரையில் குழாயும் சுவரும் சுழன்றபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. அவருக்கு அது ஒரு கோலம் மாதிரி தெரிந்திருக்கும்.

முடிந்ததும் வேறு துறையிலிருந்து வந்த ஒரு பேராசிரியர், குழாய்க்குள் அந்த இன்னொரு அணு எப்படி வந்தது என்று கேட்டார். நான் பதிலைத் தொடங்கினேன். தனுஷ்கோடி சார் இன்றைக்கு நல்ல குஷியில் இருந்தார். "தமிழ்லயே சொல்லுங்க ஈஸ்வரி. வீட்டுக்காரர் இவ்ளோ தூரம் வந்துருக்காரு, அவருக்கும் புரியட்டும்" என்றார். எல்லாரும் திரும்பிப் பின்னால் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் கூச்சத்தோடு சிரித்தார்.

என்ன செய்திருக்க முடியும். சொன்னேன்.

"படிகம் வளர்க்க ஈய ஆக்சைடு பயன்படுத்துனோம். அத அரைச்சு, உருக்கி, அதுல மத்த ஆக்சைடுகளக் கரைச்சோம். ஈயத்த நாங்க கரைக்க மட்டும்தான் சேத்தோம். அது உள்ள போகும்னு எதிர்பாக்கல. பேரியமும் ஈயமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கறதால, வளரும்போது படிகம் அதப் பேரியம்னு நெனச்சு உள்ள விட்டுருச்சு. வளந்து முடிஞ்ச பெறகு கழுவி எடுக்க முடியாது."

அரைச்சு என்று சொன்னபோது அவர் சிரிப்பு அப்படியே இருந்தது. கடைசி வாக்கியத்தில் இல்லை. டப்பாவைப் பார்த்துக் குனிந்துகொண்டார். கை தட்டினார்கள். பால்கோவாவை அவர்தான் ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் காலி டப்பாக்கள் காலடியில் உருண்டுகொண்டிருந்தன. ஊரில் இறங்கி, ஸ்டாண்டிலிருந்து வண்டியை எடுத்து, சாவியைப் போட்டுவிட்டு அப்படியே நின்றார்.

"அந்தத் துப்பட்டாவ நீ தனியாத் தொவைப்ப."

"ஆமா."

"பிப்ரவரி, மார்ச்செல்லாம் அரைச்சியா?"

"ஏப்ரல் ஆரம்பம் வரைக்கும்."

"நான் அந்த மாட்டுக் கதையச் சொன்னேன்ல. நீ பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சுப் போன."

"ஆமாங்க."

"அப்பவே தெரியுமா?"

தெரியும் என்றேன். டாக்டரிடம் போனதைச் சொன்னேன். அதனால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை என்றேன். அது இல்லை என்றும் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். நிறுத்தியிருக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் இதோடு சரி என்றுதான் நினைத்தேன் என்றேன். எல்லாவற்றையும் ஸ்கூட்டர் கைப்பிடியைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் அந்தப் பள்ளத்தையில்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். "நான் கல்லக் கொட்டுனப்ப நீ வந்து நின்னியே ஈஸ்வரி. நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்த."

நான் அழுதேன். அவர் அழவில்லை. வண்டியைக் கிளப்பி, "ஏறு" என்றார்.

கண்மாய்க் கரையில் அந்த இடம் வந்தது. நான் இறங்குவதற்காகக் காலை எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் நிறுத்தவில்லை. மெதுவாகக்கூடப் போகவில்லை.